கீழாநெல்லியை அறிந்து பறித்தல்



ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர்ப் பக்கங்களில், வேலியோரங்களிலும் காலி மனைகளிலும் கீழாநெல்லி தானாகவே முளைக்கின்றது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் அதனருகிலேயே முளைக்கின்றன. யாவும் சிற்றிலை உடையவையாதலால், அவசரமாய்ப் பறிப்போர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகின்றனர். காமாலைக்கென்று நாடப்படும் மூலிகையில் இவ்விதக் கலப்பு சிறு குற்றமன்று.

கீழாநெல்லியின் நடுத்தண்டு பசுமையாயும் வழவழப்பாயும் இருக்கும். அதில் இலை இராது. பக்கக் கிளைகளில் மட்டும் நுனி மழுங்கிய இலைகள் இரு வரிசையாய் அமையும். கிளையைத் திருப்பினால், இலைக்கணுதோறும் சிறு காம்பில் வழவழப்பான காய்கள் கீழ்நோக்கித் தொங்குவது தெரியும். பூவிதழ்கள் ஐந்து.

காய் கீழே இருப்பதை மட்டும் கொண்டு தீர்மானித்தல் தவறு. சிவப்புக் கீழாநெல்லிக்கும் காய் கீழேதான். ஆனால் அதன் தண்டு செந்நிறம். காய் காம்பின்றி ஒட்டினாற்போலிருக்கும். காயின் மேற்புறம் சொரசொரப்பானது. இலையோரமும் விரலுக்குச் சொரசொரக்கும். இன்னொரு வகையில் இலை இருமுனையும் குறுகி, பூவிதழ் ஆறாயிருக்கும்.

மேலாநெல்லியை எளிதில் விலக்கலாம். அதற்கு நடுத்தண்டிலும் இலையுண்டு. இலை அடியில் குறுகி நுனியில் அகன்றிருக்கும். 1753-ல் லின்னேயஸ் இதற்குச் சென்னப்பட்டணத்தின் பெயரையே சூட்டினார். நம்மூர்ப் பெயரைத் தாங்கினும் அது கீழாநெல்லி ஆகாது.

சாஸ்திரிகளும் இவ்விஷயத்தில் மயங்கியதுண்டு. அமெரிக்கக் கண்டத்துச் செடியொன்றின் பெயராலேயே நம் கீழாநெல்லியை நெடுங்காலம் வழங்கினர். 1988-ல் வெளியான சென்னைப் பரிசோதனையில், ஈரலைத் தாக்கும் 'பி' வகைக் கிருமியைத் தாங்கியிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுக்கப்பட்டது. 22 பேரிடம் அதன் அடையாளம் மறைந்தது. பிற இடங்களில் பின்னர் நடந்த பரிசோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. 2010-ல் வெளியான ஆராய்ச்சியொன்று, தென்னிந்தியக் கடைகளில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கின் சரக்கில் வேற்றினங்கள் இருந்தன என்று கண்டது.

ஆதலால் காய்த்த பின்னரே, வேரோடு பறித்து, ஒவ்வொரு செடியாகத் திருப்பிப் பார்த்தே கட்டவேண்டும். ஐயமுள்ளதை ஒதுக்கிவிடுக. நால்வகைக்கும் ஒவ்வொரு செடியைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்திப் பெயரெழுதிச் சங்கக் கட்டிடத்தில் வைத்தல் நலம். தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்துவைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் அறிந்தோரிடம் அவற்றைக் காட்டித் தெளிந்துகொள்ளலாம்.

கலப்புக் கட்டொன்று விற்றால் கிடைப்பது சில காசு. இழப்பது சங்கத்தின் நாணயம். கண் மஞ்சளித்தவரோ, எந்த மூலிகையையும் நம்பி நாளைக் கடத்தாமல், முதலில் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.