தோண்டும் பிராணிக்கு ஒரு வீடு



பிள்ளைகள் கேட்கும் செல்லப்பிராணிகளின் பட்டியல் கொழும்பில் மாறிக்கொண்டே வருகிறது. நாய்க்குட்டி, கிளி, தங்கமீன் என்று இருந்த பட்டியலில் ஹாம்ஸ்டரும் கினிப்பன்றியும் சேர்ந்துவிட்டன. இப்போது ஜேர்பில் என்ற எலியினப் பிராணியின் பெயரும் காதில் விழுகிறது. முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் குடியிருப்பவர்களுக்கு இது பொருத்தமான ஆசையாகத்தான் தோன்றும். இந்தப் பிராணி குரைக்காது, அதற்கு முற்றம் தேவையில்லை. தண்ணீர் மிகக் குறைவாகக் குடிப்பதால் சிறுநீரும் குறைவு, நாற்றமும் குறைவு.

ஆனால் ஒரு விடயம். பிராணியைப் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்கிற நாம், கூட்டை மட்டும் கடைசி நிமிடத்தில் வாங்குகிறோம். கையில் கிடைப்பது பெரும்பாலும் குருவிக்குச் செய்த கம்பிக் கூடு. மூன்று, நான்கு வருடம் வாழப்போகிற ஓர் உயிரின் முழு உலகமும் அந்தக் கூடுதான். ஆகவே இன்று கூட்டைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஜேர்பிலின் சொந்த ஊர். வீடுகளில் வளர்க்கப்படும் ஜேர்பில் மொங்கோலியா, வட சீனா ஆகிய இடங்களின் வறண்ட புல்வெளிகளில் வாழும் சிற்றுயிர். 1866இல் ஆர்மண்ட் டாவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சீனாவிலிருந்து பாரிஸுக்கு இதன் மாதிரிகளை அனுப்பினார். 1935இல் அமூர் ஆற்றுப் பகுதியில் பிடிக்கப்பட்டவை ஜப்பானிய ஆய்வுகூடங்களில் பெருகின. அவற்றின் வழிவந்த 11 சோடிகள் 1954இல் அமெரிக்காவுக்குப் போயின. ஆய்வுகூடத்திலிருந்துதான் அது வீட்டுக்கு வந்தது.

அதன் சொந்த ஊரில் குளிர்காலத்துக் குளிர் உயிரை வாங்கும், கோடை வெயிலும் கொளுத்தும். இரண்டிலிருந்தும் தப்ப ஜேர்பிலுக்குத் தெரிந்த வழி ஒன்றே: மண்ணைத் தோண்டி உள்ளே போவது. கிளை கிளையாகச் சுரங்கம் வெட்டி, தானியம் சேர்க்க ஓர் அறை, குட்டி போட்டுப் படுக்க ஓர் அறை என்று குடும்பமாக வாழும். ஆபத்தென்றால் பின்னங்காலால் நிலத்தைத் தட்டி மற்றவற்றுக்குச் சொல்லும்.

தோண்ட இடமில்லாத கூட்டில் விட்டால் என்ன நடக்கும்? மூலையில் நின்று மணிக்கணக்காகச் சுரண்டும். பார்ப்பவர்கள் விளையாடுகிறது என்று சிரிப்பார்கள். கிறிஸ்டோஃப் வீடன்மாயர் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தோண்டுவதற்கு உலர்ந்த மணலை மட்டும் கொடுத்துப் பார்த்தார், அந்த ஓயாத சுரண்டல் வரவே செய்தது. ஒரு குழாய் வழியாக நுழைந்து இருட்டறைக்குள் போகும்படி செயற்கை வளை அமைத்துக் கொடுத்த ஜேர்பில்களிடம் அந்தப் பழக்கம் உருவாகவில்லை. ஜேர்பில் தேடுவது ஒளிந்துகொள்ள ஓர் இருட்டறையை என்பது இதனால் தெளிவாகிறது. கூடு தெரிவு செய்யும்போது நாம் மனதில் வைக்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

சுவிற்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்பு விதிகள் ஜேர்பில் கூட்டுக்கு அளவே சொல்லிவைத்திருக்கின்றன: ஐந்து ஜேர்பில் வரையுள்ள கூட்டத்துக்கு அரைச் சதுர மீற்றர் தரை, தோண்டுவதற்கு 25 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிரப்பு. நம்முடைய மிருகவதைத் தடுப்புச் சட்டமோ 1907ஆம் ஆண்டுக்குரியது. ஆகவே நாம் இந்தச் சுவிஸ் அளவையே கைக்கொள்ளலாம்.

இனி எந்தக் கூடு என்று பார்ப்போம்.

கம்பிக் கூடு வேண்டாம். ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்பினால் அத்தனையும் கம்பி இடுக்கால் வெளியே கொட்டும். ஜேர்பில் கம்பியைக் கடித்துக் கடித்து மூக்கின் உரோமத்தைத் தேய்த்துக்கொள்ளும். கம்பித் தரையில் கால் சிக்கும்.

கலர் கலராகக் குழாய் பொருத்திய பிளாஸ்டிக் கூடும் வேண்டாம். ஜேர்பிலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை, தேய்க்கக் கடித்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக்கைச் சில நாளில் துளைத்துவிடும், துண்டை விழுங்கினால் குடலில் போய் அடைக்கும்.

பொருத்தமானது கண்ணாடித் தொட்டி. அதாவது, நமக்கு நன்றாகத் தெரிந்த மீன்தொட்டி. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இருந்தால் அந்தச் சுவிஸ் அளவு சரியாக வந்துவிடும். இடம் போதாத வீட்டில் இரண்டு ஜேர்பிலுக்கு மூன்றடி நீளத்தை விடக் குறைக்க வேண்டாம். உயரம் இரண்டடி இருக்கட்டும்: ஓரடி நிரப்புக்கு, ஓரடி மேலே ஓடித் திரிவதற்கு. தண்ணீர் ஒழுகுவதால் ஒதுக்கிவைத்த பழைய தொட்டி யார் வீட்டிலாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். விளிம்பு உடையாமல் இருந்தால் போதும், ஒழுக்கு இந்த வேலைக்குத் தடையில்லை.

மூடி முழுவதும் கம்பி வலையாக இருக்க வேண்டும். பலகையோ கண்ணாடியோ போட்டு மூடினால் உள்ளே காற்று புழுங்கும். முகத்துவாரத்தில் கடற்காற்று சாதாரண இரும்பு வலையைச் சீக்கிரம் துருவேற்றிவிடும். செலவு கொஞ்சம் கூடினாலும் துருப்பிடிக்காத எஃகு வலையையே போடுங்கள். மூடி இறுக்கமாகக் கொளுவப்பட வேண்டும். ஜேர்பில் நன்றாகத் துள்ளும், பக்கத்து வீட்டுப் பூனையோ அதைவிட நன்றாகத் துள்ளும்.

தொட்டிக்குள் நிரப்ப என்ன போடலாம்? மர ஆலையில் மூட்டையாகக் கிடைக்கும் நுண்ணிய மரத்தூள் வேண்டாம். எந்த மரம், என்ன மருந்து பூசியது என்று நமக்குத் தெரியாது, தூசி மூச்சுக்குழாயையும் கெடுக்கும். நீளமாகக் கிழித்த கடதாசி, காட்போட் மட்டைத் துண்டுகள், உலர்ந்த வைக்கோல் மூன்றையும் கலந்து அமுக்கி நிரப்புங்கள். வைக்கோல் கலந்தால்தான் சுரங்கம் இடியாமல் நிற்கும். அலுவலகத்துக் கடதாசி என்றால் ஸ்டேப்ளர் கம்பிகளை எடுத்துவிடுங்கள். பஞ்சு ஒருபோதும் வேண்டாம், அந்த இழை காலைச் சுற்றி இறுக்கும்.

கல், மண்சட்டி, மரப்பெட்டி போன்ற பாரமான எதையும் நிரப்பின் மேல் வைக்காதீர்கள். கீழே சுரங்கம் வெட்டும்போது அது சரிந்து பிராணியை நசுக்கிவிடும். தொட்டியின் அடித்தளத்திலேயே வைத்துவிட்டு, அதைச் சுற்றி நிரப்புங்கள். ஓடும் சில்லு வைப்பதானால் 20 சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டமும் இடைவெளியில்லாத ஓடுதளமும் வேண்டும். கம்பிச் சில்லில் வால் சிக்கினால் வாலின் தோலே உரிந்து வந்துவிடும். வாலைப் பிடித்துத் தூக்கினாலும் அதே கதிதான். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

இப்போது நம் ஊருக்கே உரிய சிக்கல்: ஈரம். ஜேர்பிலின் ஊரில் வருடம் முழுக்கப் பெய்வது 300 மில்லிமீற்றரும் தேறாது. கொழும்பில் 2000ஐத் தாண்டும். காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்கு மேல் போனால் ஜேர்பிலின் உரோமம் பிசுபிசுத்துக் குத்திட்டு நிற்கும் என்பது ஆய்வுகூடங்களில் நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. களனி கங்கையும் கடலும் சந்திக்கிற இடத்தில் வாழும் நமக்கு 70 வீதம் என்பதே சாதாரணம். ஆகவே வீட்டிலேயே மிக உலர்ந்த, காற்றோட்டமான அறையைத் தெரிவு செய்யுங்கள். தண்ணீர்ப் போத்தல் சொட்டுகிறதா என்று தினமும் பாருங்கள். மழை மாதங்களில் நனைந்த நிரப்பை உடனே அகற்றி உலர்ந்ததைப் போடுங்கள். உரோமத்தைச் சுத்தம் செய்ய ஒரு மண் கிண்ணத்தில் மணல் வையுங்கள், அதில் புரண்டு எழும். காக்கைதீவுக் கரையிலிருந்து அள்ளிய மணல் ஆகாது. அதில் உப்பும் அழுக்கும் நாய், பூனைகளின் கழிவும் உண்டு. ஆற்று மணலைக் கழுவி, சட்டியில் வறுத்து, ஆறவைத்துப் போடுங்கள்.

யன்னல் வெயில் நேரே விழும் இடம் ஆகாது, கண்ணாடித் தொட்டி சிறிது நேரத்திலேயே சூளையாகிவிடும். பல்கனியில் வைத்தால் காகங்கள் விடா. சமையலறைப் புகையும் தொலைக்காட்சிச் சத்தமும் வேண்டாம். சில ஜேர்பில்களுக்குத் திடீர்ச் சத்தத்தால் வலிப்பு வரும். கோயில் திருவிழாவிலும் தேவாலயப் பெருநாளிலும் வெடி வெடிக்கும் வீதிகள் நம்முடையவை. அன்றைக்குத் தொட்டியை உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, வீட்டு எலி. துறைமுகத்தை அடுத்த ஊர் இது. 1914இல் கொழும்புக்குள் பிளேக் நுழைந்தபோது எலிகளும் அவற்றின் தெள்ளுகளுமே அதைப் பரப்பின.  பிளேக் போய் நெடுங்காலமாகிறது. எலிக்காய்ச்சல் போகவில்லை. 2008இல் மட்டும் நாட்டில் 7000க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளானதாகப் பதிவாகியது. ஜேர்பில் சிந்தும் தானியம் வீட்டு எலிக்கு அழைப்பு. தீவனத்தை மூடியுள்ள டின்னில் வையுங்கள். தொட்டியை நிலத்தில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அதில் உப்போ சவர்க்காரமோ கரைத்துவிடுங்கள். வெறும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜேர்பில் கூட்டமாக வாழும் உயிர். தனியாக ஒன்றை வாங்காமல் ஒரே பாலில் இரண்டாக, கூடப் பிறந்தவையாக வாங்குங்கள். ஆணும் பெண்ணுமாக வாங்கினால் 25 நாளைக்கு ஒருமுறைகூடக் குட்டிகள் வரலாம், எந்தத் தொட்டியும் போதாது. ஹாம்ஸ்டருக்கு இது பொருந்தாது. சிரிய ஹாம்ஸ்டர் தனியாகவே இருக்க வேண்டும், சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும்.

கடைசியாக, வளர்க்க முடியவில்லை என்று வெளியே விட்டுவிடாதீர்கள். காட்டில் பெருகிவிடும் என்ற அச்சத்தாலேயே கலிபோர்னியாவில் ஜேர்பில் வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது. நம் வறண்ட வலயத்தில் இதன் உறவான வெள்ளெலி இயல்பாகவே வாழ்கிறது. அதைப் பிடித்துவந்து கூட்டில் அடைப்பதும் வேண்டாம்.

நேயர்களே, ஓரடி ஆழமும், உலர்ந்த ஓர் அறையும், எலியும் பூனையும் நுழையாத ஒரு மூடியும் உங்களால் கொடுக்க முடியுமா? முடியுமென்றால் முதலில் தொட்டியை வாங்கி, நிரப்பி, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஈரம் ஏறாமல், எறும்பு வராமல் இருந்தால் பிறகு ஜேர்பிலை வாங்குங்கள். முடியாதென்றால் பிள்ளையிடம் இல்லையென்று சொல்லிவிடுங்கள். பிள்ளை ஒரு நாள் அழும், அவ்வளவுதான்.