வாசற்படியில் ஒரு கையொப்பம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசும் மேடையில் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசப் புகுவது குறித்துச் சிலர் வியக்கக்கூடும். வீட்டில் விளக்கு எரிந்தால்தானே இலக்கியம் படிக்க இயலும்? ஆதலால் நேரே பொருளுக்கு வருகிறோம்.

மும்பைப் புறநகரில் வாழும் நமக்கு, ஊரிலுள்ள நம் உறவினருக்கு இல்லாத ஓர் உரிமை கிடைத்தது. ஊரில் வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது ஒரே நிறுவனம். இங்கோ, 1929இல் தோன்றிய புறநகர் மின்சாரக் கம்பெனி கைமாறிக் கைமாறி 2018 முதல் அதானியின் நிர்வாகத்தில் உள்ளது. டாட்டா நிறுவனமும் மின்சாரம் விநியோகிக்கலாம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நிறுவனத்தின் கம்பி வழியாகவே மற்றொன்றின் மின்சாரத்தைப் பெற 2009இல் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வழிவகுத்தது. ரயில்வேக்காரர் பாஷையில் சொன்னால், தண்டவாளம் ஒருவருடையது, வண்டி மற்றொருவருடையது.

உரிமை வந்த வழியே விற்பனையாளரும் வந்தனர். வேலைக்குச் செல்வோர் வீட்டிலில்லாத நண்பகலில் கதவு தட்டப்படுகிறது. "கட்டடத்தில் எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள், நீங்கள் மட்டுமே பாக்கி" என்கிறார் வந்தவர். இந்தியும் மராத்தியும் சரளமாக வாராத நம் முதியோர், மறுப்பது மரியாதையன்று என்றெண்ணித் தலையாட்டிவிடுகின்றனர். தலையாட்டுவதற்கும் சம்மதத்திற்கும் உள்ள வேறுபாடு படிவத்திற்குத் தெரியாது. எந்த நிறுவனத்தையும் குறை கூற நாம் இங்கு நிற்கவில்லை. தொலைபேசி, இன்டர்நெட் விற்க வருவோர்க்கும் இதுவே பொருந்தும்.

முதலாவதாக, "இன்றோடு சலுகை முடிகிறது" என்னும் சொல்லுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. மின்கட்டணத்தை நிர்ணயிப்பது ஆணையம்; வாசலில் நிற்பவர் அல்லர். இன்றுள்ள கட்டணம் அவர் படியிறங்கியதும் ஏறிவிடாது.

இரண்டாவதாக, பார்சல் அலுவலகத்தில் எடை போடாமல் ரசீது எழுதுவதில்லை. அதுபோல், கணக்குப் பாராமல் மாறுதல் கூடாது. கட்டணம் 100 யூனிட் வரை ஒரு விகிதம், 101 முதல் 300 வரை வேறொரு விகிதம் என்று படிப்படியாக ஏறுகிறது. எடுத்துக்காட்டாக, புதியவரிடம் முதற்படியில் யூனிட்டுக்கு 50 காசு குறைவு, இரண்டாம் படியில் 40 காசு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 250 யூனிட் செலவிடும் குடும்பத்திற்கு முதற்படியில் 50 ரூபாய் மிச்சம். இரண்டாம் படியின் 150 யூனிட்டில் 60 ரூபாய் கூடுதல். ஆக, நட்டம் 10 ரூபாய்! விற்பனையாளர் முதற்படியை மட்டுமே காட்டுவார். நிலைக்கட்டணம், கம்பிக்கான கட்டணம், மாறுவோர் மீது விதிக்கப்படும் கூடுதல் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்து, கோடை உட்பட 12 மாதப் பில்களை வைத்துப் பார்த்தலே முறை.

மூன்றாவதாக, பில்லைக் கையில் கொடுத்தல் ஆகாது. நுகர்வோர் எண் அதில்தான் உள்ளது. ஆதார் நகலும், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணும் அவ்வாறே. வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுப்போம். பில்லைக் கொடுக்க வேண்டாம். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. இத்தனை படிவம் கொணர்ந்தால்தான் ஊதியம் என்னும் நிலையில் படியேறி வருபவர். ஆகவே கடுஞ்சொல் வேண்டுவதில்லை. "சோச்கர் பதாயேங்கே" என்னும் இரண்டு சொற்களை வீட்டுப் பெரியோருக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். மீண்டும் வற்புறுத்தினால் அதையே மீண்டும் சொல்லிக் கதவைச் சாத்தலாம்.

நான்காவதாக, மாற வேண்டுமென்று நாமே தீர்மானித்தால், நிறுவனத்தின் அலுவலகத்திற்கு நாமே சென்று, நம் முகவரிக்கு அது இயலுமா என்று கேட்டு, எழுத்தில் விடை பெறுவோம். சம்மதமின்றி மாற்றம் நிகழ்ந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், பின்னர் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்திற்கும், அதற்கும் மேல் மின்சார ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் நமக்கு அளித்துள்ள வழி இது.

அன்பர்களே, இச்சங்கத்தில் கணக்கறிந்தோர் பலர் உளர். மராத்தி எழுதத் தெரிந்த இளைஞரும் உளர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அவர்கள் நூலக அறையில் அமர்ந்தால், பிள்ளைகள் வெளியூரிலிருக்கத் தனித்து வாழும் பெரியோர் தம் பில்லையும் படிவத்தையும் கொணர்ந்து காட்டித் தெளிவு பெறலாம். பிழைக்க வந்த ஊரில் ஒருவர்க்கொருவர் துணையாதற்கன்றோ நாம் சங்கம் அமைத்தோம்? இதனைச் செயற்குழு ஏற்றருள வேண்டுமென்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.

வணக்கம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!