ஈட்டியும் மரவாளும்: பழையது எது, பழையதுபோல் இருப்பது எது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைப் பேச்சு வரிசையில், கிளப் ஹவுஸ் அரங்கில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. இதழுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் டிவியை அணைத்துவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருந்து இங்கே வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் நன்றி.

"அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜப்பானிய ஈட்டியைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். காரணம் மூன்று. நமது வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு விளம்பரம் வந்தது: "400 வருடம் பழைய சாமுராய் ஈட்டி, சான்றிதழுடன்." இரண்டு பேர் விலை கேட்டிருந்தார்கள். அடுத்தது, மாடியில் நடக்கும் தற்காப்புக் கலை வகுப்புப் பிள்ளைகளுக்கு "ஒரிஜினல் ஆன்டிக்" மரவாள் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் நச்சரிப்பு. மூன்றாவதுதான் முக்கியம். நம் பிளாக்கில் ஒரு பெரியவர் என்னிடம் ஒரு படம் காட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவருடைய தந்தையார் ராணுவத்தில் மலாயாவில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த, காம்பு இல்லாத ஒரு ஈட்டி அலகு. "துரு புடிச்சுப் போச்சு சார். அடுத்த வாரம் பட்டறையில குடுத்துப் பளபளன்னு பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்க சார்" என்று கேட்டுக்கொண்டேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே இன்று விளம்பரத்தை நம்பிப் பணத்தை இழக்காமல் இருப்பது எப்படி, கையில் இருக்கும் நல்ல பொருளை நாமே கெடுக்காமல் இருப்பது எப்படி என்று இரண்டையும் பார்ப்போம்.

ஈட்டியின் அமைப்பு

ஜப்பானிய ஈட்டிக்கு யாரி என்று பெயர். நம் ஊர் வேல், ஈட்டிகளில் பெரும்பாலும் இரும்புக் குழலுக்குள் மரக்காம்பு போகும். யாரியில் வழக்கமாக இது தலைகீழ். அரிவாளின் வால் மரப்பிடிக்குள் போவதுபோல, இரும்பின் வால் மரக்காம்புக்குள் போகும். அந்த வாலை ஜப்பானியர் நககோ என்பார்கள். அது மிக நீளமாக இருக்கும். பல ஈட்டிகளில் வெளியே தெரியும் அலகைவிட உள்ளே மறைந்திருக்கும் வால் நீளம். குத்தும்போது வரும் விசை முழுவதையும் அதுதான் தாங்குகிறது. வாலிலும் காம்பிலும் ஒரே நேராகத் துளையிட்டு ஒரு சிறு ஆணியால் பூட்டியிருப்பார்கள். குழல் வைத்த யாரியும் உண்டு, அதற்கு ஃபுகுரோ யாரி என்று பெயர். ஆகவே குழல் இருக்கிறது என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது.

அலகு நேராக மட்டும் இருந்தால் சு-யாரி. அதன் குறுக்குவெட்டு முக்கோணமாகவோ, நான்கு முகமுள்ள வைர வடிவமாகவோ இருக்கும். முக்கோண அலகின் தட்டையான பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஓடும். அதில் சிவப்பு அரக்கு பூசியிருப்பதைப் பல அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். சிலுவைபோல் பக்கவாட்டிலும் அலகு நீட்டினால் ஜூமோன்ஜி யாரி. நாரா நகரத்தின் கோஃபுகு-ஜி கோயிலைச் சேர்ந்த ஹோசோயின் இன்எய் (1521–1607) என்ற துறவி தொடங்கிய ஈட்டிப் பள்ளி இந்த வடிவத்துக்குப் பேர்போனது.

காம்பைப் பற்றி ஒன்று. உள்நாட்டுப் போர்க் காலத்தில் காலாட்படையினர் பிடித்த ஈட்டி ஆறு மீட்டரைத் தாண்டியதும் உண்டு, நம் கட்டடத்தில் இரண்டு மாடி உயரம். பிறகு அமைதிக் காலத்தில் பிரபுக்களின் ஊர்வலத்தில் தூக்கிச் சென்றார்கள். காம்பு முறியும், வெட்டிக் குறைப்பார்கள், மாற்றுவார்கள். அதனால் அலகு ஒரு நூற்றாண்டு, காம்பு இன்னொரு நூற்றாண்டு என்பது சாதாரணம். காம்பே இல்லாமல் அலகு மட்டும் வெள்ளை மர உறையில் இருப்பதும் குறையல்ல.

எதை முதலில் பார்ப்பது?

நம்மில் பலர் முதலில் தேடுவது கையெழுத்தை. வாலில் கொல்லர் உளியால் வெட்டிய பெயர் இருந்தால் உடனே நம்பிவிடுகிறோம். ஜப்பானில் இதைக் கற்றவர்கள் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். முதலில் வடிவம், பிறகு எஃகின் ரேகை, பிறகு பதம் ஏற்றிய விளிம்பு, பிறகு வால், கடைசியில்தான் பெயர். புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பொய்யாக வெட்டும் பழக்கம் பல நூறு வருடமாக அங்கேயே உண்டு. அதற்கு கிமெய் என்று தனிச் சொல்லே இருக்கிறது.

பெயர் இல்லாததும் மதிப்பில்லாதது அல்ல. ஜப்பானின் மூன்று பெரும் ஈட்டிகள் என்று மூன்றைச் சொல்வார்கள். தோன்போகிரி, நிஹோன்கோ, ஓதெகினே. தோன்போகிரி என்றால் தும்பியை வெட்டியது. அலகில் வந்து உட்கார்ந்த தும்பி இரண்டு துண்டானதாகக் கதை. அதில் ஃபுஜிவாரா மசசானே என்ற கொல்லரின் பெயர் இருக்கிறது. நிஹோன்கோ இன்று ஃபுகுஓகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பிரபு பந்தயம் கட்டி, பெரிய கிண்ணம் சாராயத்தைக் குடித்துக் காட்டியவரிடம் அந்த ஈட்டியை இழந்தாராம். அந்த நிஹோன்கோவில் கொல்லரின் பெயரே கிடையாது! மூன்றாவதான ஓதெகினே 1945இல் தோக்கியோ மீதான விமானக் குண்டுவீச்சில் அழிந்துபோனது.

எஃகு சொல்லும் சாட்சி

பழைய ஜப்பானிய அலகில் விளிம்பை ஒட்டி, மேகம் படர்ந்ததுபோல வெண்மையான ஓர் எல்லைக்கோடு தெரியும். அதுதான் ஹமோன். அலகின் மேல் களிமண் கலவையைப் பூசுவார்கள்: விளிம்பில் மெல்லியதாக, நடுவில் தடிப்பாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தும்போது விளிம்பு சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகும். மற்ற பகுதி மெதுவாகக் குளிர்ந்து, வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கும். இரண்டுக்கும் நடுவிலான எல்லை அந்தக் கோடு. அது எஃகின் உள்ளேயே இருப்பது.

போலியில் இந்தக் கோட்டை அமிலத்தாலோ, கம்பி பிரஷ் தேய்த்தோ வரைந்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்க ஒரே ஒரு விளக்குப் போதும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அலகைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உண்மையானதில் கோட்டுக்குள் நுண்ணிய மணிகள் மின்னும், பனிமூட்டம்போல் ஆழம் தெரியும், கோணம் மாறினால் காட்சி மாறும். வரைந்தது எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி, சுண்ணாம்பு பூசியதுபோல் தட்டையாக இருக்கும். பத்தடி தூரத்திலிருந்தே அலை அலையாக வரிகள் பளிச்சென்று தெரிந்தால் அதையும் சந்தேகியுங்கள். மடித்து அடித்த எஃகின் ரேகை பெரும்பாலும் மரத்தின் நரம்புபோல் அடக்கமானது, தேடித்தான் பார்க்க வேண்டும்.

காந்தம் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. நேற்று வார்த்த இரும்பிலும் காந்தம் ஒட்டும். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று தெரிந்தால், வாலில் நட்டு போடத் திருகு மரை இருந்தால், அலகோடு வாலை வெல்டிங் செய்த தடம் இருந்தால், மேலே யோசிக்கவே வேண்டாம். அது அலங்காரப் பொருள்.

துருவைத் தொடாதீர்கள்

முன்வரிசைப் பெரியவருக்கான பதில் இது. வாலில் இருக்கும் துரு அழுக்கு அல்ல, அது ஆவணம். நூற்றாண்டுகளாக மரத்துக்குள் இருந்த இரும்பில் கருமையான காப்பிக்கொட்டை நிறத்தில், வழவழப்பாக, சீராகத் துரு படியும். விரலில் பொடி ஒட்டாது. செயற்கையாக ஏற்றிய துரு ஆரஞ்சு நிறத்தில், திட்டுத்திட்டாக, பொடியாக இருக்கும். அரத்தால் ராவிய கோடுகள் பழையதில் மழுங்கியிருக்கும். கோடுகள் புத்தம்புதிதாகக் கூர்மையாக இருந்து மேலே மட்டும் துரு என்றால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். ஆணித்துளை பழையதில் சற்றுக் கோணலாக இருக்கும். டிரில் போட்ட கச்சிதமான வட்டத்தைக் கண்டால் கேள்வி கேளுங்கள்.

இந்த வாலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் வயதைச் சொல்லும் சாட்சியை நாமே அழித்துவிட்டோம் என்று பொருள். திரும்ப வராது. அலகுக்கும் அப்படித்தான். பட்டறைச் சக்கரத்தில் வைத்தால் அலகு சூடேறி, பதம் கெட்டு, முனைகளின் கூர்மையான கோடுகள் உருண்டுவிடும். ஜப்பானில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் பலவகை இயற்கைக் கற்களில் நாள்கணக்கில் கையால் தீட்டுகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வெறும் விரலால் அலகைத் தொடாதீர்கள், வியர்வை உப்பு துருவை வளர்க்கும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, அலகில் மட்டும் மெல்லியதாக மினரல் ஆயில் தடவுங்கள். வாலை அப்படியே விடுங்கள். எல்லாப் பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தந்தையார் எங்கே பணியாற்றினார், எப்போது கொண்டுவந்தார் என்று நினைவில் உள்ளதை எழுதி, பழைய கடிதம், புகைப்படம் இருந்தால் அதோடு சேர்த்து வையுங்கள்.

சான்றிதழ் என்று நீட்டினால்

ஜப்பானில் வாளோ ஈட்டியோ வைத்திருக்க, 1958ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிவு அட்டை வேண்டும். மாகாணக் கல்வி வாரியம் தருவது. அதில் வகை, நீளம், ஆணித்துளைகளின் எண்ணிக்கை, பெயர் உண்டா இல்லையா என்பவை இருக்கும். இந்த அட்டை "வைத்திருக்கலாம்" என்ற அனுமதி மட்டுமே. எந்தக் கொல்லர் செய்தது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. பொருள் நாட்டைவிட்டு வெளியேறும்போது ஏற்றுமதிச் சான்று வாங்கி, இந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே இங்கே நம் ஊரில் ஒருவர் பொருளையும் ஒரிஜினல் பதிவு அட்டையையும் சேர்த்துக் காட்டினால், அட்டை எப்படி இங்கே வந்தது என்று கேளுங்கள்.

யார் செய்தது, எந்தக் காலம் என்று ஆராய்ந்து சான்று தருவது வேறு. 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் அதில் முதன்மையானது. அவர்களுடைய இன்றைய முறையில் ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று நான்கு படிகள். 1982க்கு முந்தைய பழைய சான்றுகளைச் சேகரிப்பாளர்கள் அப்படியே ஏற்பதில்லை, மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள். சான்றில் உள்ள வாலின் படமும் கையில் உள்ள வாலும் புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நல்ல சான்றை மோசமான பொருளோடு சேர்த்து விற்பதும் ஒரு தந்திரம்.

மரவாளின் வயது

மரவாளுக்கு பொக்குதோ அல்லது பொக்கென் என்று பெயர். இரும்பு வாளால் பயிற்சி செய்தால் ஆள் போய்விடும், வாளும் போய்விடும் என்பதால் வந்தது. வெள்ளை ஓக், சிவப்பு ஓக், பிவா மரம், தெற்கு கியூஷுவில் கிடைக்கும் இசு மரத்தின் வைரம் ஆகியவற்றில் செய்கிறார்கள். கடைசியாகச் சொன்ன மரம் அரிது, விலையும் அதிகம். இன்று ஜப்பானின் மரவாள்களில் பெரும்பகுதி மியாசாகி மாகாணத்தின் மியாகோனோஜோ நகரத்திலிருந்து வருகிறது.

மரவாளில் வயதை நிரூபிப்பது ஈட்டியைவிடக் கடினம். பதக் கோடு இல்லை, துரு இல்லை, பெரும்பாலும் பெயரும் இல்லை. ஆனாலும் சில தடயங்கள் உண்டு. இன்று கடையில் கிடைப்பது ஏறத்தாழ 101 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். பழைய பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம்: தென்னென் ரிஷின் பள்ளியின் மரவாள் உலக்கைபோல் தடிமன், நிதென் இச்சி பள்ளியுடையது மெலிந்தது. விற்பவர் பள்ளியின் பெயர் சொன்னால் வடிவம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, தேய்மானம் வேலை செய்த இடத்தில் இருக்க வேண்டும். கை பிடிக்கும் இடத்தில் மரம் கறுத்து மெருகேறியிருக்கும். மோதும் பகுதியில் பள்ளங்கள் கூடியிருக்கும். முனை முதல் அடி வரை ஒரே கறுப்பு என்றால் அது சாயம். பள்ளத்துக்குள் பாருங்கள்: பழைய மரத்தில் உண்டான பழைய பள்ளம் உள்ளேயும் கறுத்திருக்கும். வெளியே கறுப்பு, உள்ளே வெளுப்பு என்றால் பள்ளம் புதிது. கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷ், பிளாஸ்டிக் கைக்காப்பு இரண்டும் நம் காலத்தவை.

இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி, பொருள் கைமாறி வந்த வரலாறு. குமமோட்டோ மாகாணத்தின் மட்சுய் குடும்பச் சேகரிப்பில், 1645இல் மறைந்த மியமோட்டோ முசாஷி தன் கையால் செதுக்கியதாகச் சொல்லப்படும் மரவாள் ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பத்தோடு அவருக்கு இருந்த தொடர்பும், அது அங்கேயே வழிவழியாக வந்ததும்தான் அதற்கு மதிப்பு. அந்த வரலாறு இல்லையென்றால் அது ஒரு பழைய மரத்துண்டு. ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பிள்ளையின் பயிற்சிக்குப் புதிய ஓக் மரவாளே நல்லது. உள்ளே விரிசல் விட்ட பழைய மரம் மோதும்போது சிதறி, எதிரில் நிற்கும் பிள்ளையின் கண்ணைக் குத்தும்.

வாங்குவதற்கு முன்

கடைசியாகச் சட்டம். இந்தியாவுக்குள் ஆயுதம் கொண்டுவர, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் அலகு நீளமான வாளும் ஈட்டியும் விதிகளின் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. "கூரியரில் வந்துவிடும்" என்று விற்பவர் சொல்வார். சுங்கத்தில் நிற்கப்போவது நீங்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நமது குழுவில் வந்த அந்த விளம்பரத்துக்கு மூன்றே கேள்வி அனுப்புங்கள். காம்பிலிருந்து கழற்றி வாலின் இருபுறமும் படம் அனுப்ப முடியுமா? சான்று யார் கொடுத்தது, எந்த ஆண்டு? இறக்குமதி ஆவணம் எங்கே? உண்மையான வியாபாரி மூன்றுக்கும் பதில் சொல்வார். "இன்றைக்குள் பணம் போடுங்கள், இன்னொருவர் கேட்கிறார்" என்று மட்டும் பதில் வந்தால், அந்த இன்னொருவருக்கே விட்டுவிடுங்கள்.

பின்னால் காப்பியும் சுண்டலும் இருக்கின்றன. கேள்விகளை அங்கேயே பேசிக்கொள்வோம்.