மனு எழுதிய வக்கீல்



காந்தியடிகளை நம் எல்லோருக்கும் தெரியும். அவர் பிழைப்புக்குத் தவித்த கதை தெரியுமா?

1891-ஆம் ஆண்டு. காந்தி லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்துத் திரும்பினார். அப்போது அவருக்கு 21 வயது. தம்பி நிறையச் சம்பாதிப்பான் என்று அண்ணன் நம்பியிருந்தார்.

தொழில் பழகக் காந்தி பம்பாய் போனார். அதுதான் இன்றைய மும்பை. அங்கே செலவு ஏறியது. வரவு இல்லை. ஒரு சின்ன வழக்கு வந்தது. பீஸ் 30 ரூபாய். கோர்ட்டில் சாட்சியைக் கேள்வி கேட்க எழுந்தார். தலை சுற்றியது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு ஆசிரியர் வேலை கேட்டார். மாதச் சம்பளம் 75 ரூபாய். பட்டதாரி இல்லை என்பதால் அதுவும் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் போர்பந்தரிலிருந்து ஓர் ஏழை முஸ்லிம் வந்தார். அவருடைய நிலம் பறிமுதல் ஆகியிருந்தது. காந்தி அவருக்குப் பீஸ் வாங்காமல் மனு எழுதினார். நண்பர்களிடம் அதைப் படித்துக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றார்கள். பேச வராவிட்டால் என்ன? எழுத வருகிறதே! காந்திக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

சுமார் ஆறு மாதத்தில் பம்பாய் வீட்டைக் காலி செய்தார். அண்ணன் இருந்த ராஜ்கோட்டுக்குப் போனார். பம்பாயைப் பார்க்க அது சிறிய ஊர். அங்கே ஏழைகளுக்கு மனு எழுதினார். மாதம் சுமார் 300 ரூபாய் வந்தது.

அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. பம்பாயில் தரகருக்குக் கமிஷன் தர மறுத்தவர் காந்தி. ராஜ்கோட்டில் அண்ணன் சொல்லைத் தட்ட முடியாமல் கமிஷன் கொடுத்தார். இதை அவரே பின்னாளில் மறைக்காமல் எழுதினார்.

1893-இல் காந்தி தென்னாப்பிரிக்கா போனார். மறு வருடம், அங்கே நேட்டால் பகுதியில் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கச் சட்டம் வந்தது. காந்தி மறுபடியும் பேனாவை எடுத்தார். மனு எழுதினார். இரண்டே வாரத்தில் சுமார் 10,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். மனுவில் இருப்பதைப் புரிந்துகொள்ளாத யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

தோழர்களே! நாமும் இப்போது கையெழுத்துப் போடுகிறோம். யார் எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் படிப்போம். புரியாவிட்டால் கேட்போம். அதன் பிறகே கையெழுத்துப் போடுவோம்.