மாடிக்குக் கம்பி விட்டு

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் தம்பிகள் பலருக்கு ஓர் ஆசை: கேம் விளையாட நல்ல கம்ப்யூட்டர். கையில் பணமோ கொஞ்சம். கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறும் முன் இதைக் கேளுங்கள்.

வீடு கட்டும்போது, பின்னால் மாடி எடுக்கத் தூணில் கம்பி விட்டு வைப்போம் இல்லையா? கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். மதர்போர்டும் பவர் சப்ளையும்தான் அஸ்திவாரம். அஸ்திவாரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். இப்போதைக்கு, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசசர் போதும். தனி கிராபிக்ஸ் கார்டைத் தீபாவளி போனஸில் வாங்கலாம்.

நல்ல அஸ்திவாரத்துக்கு ஓர் உதாரணம்: 2017-ல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போர்டு வாங்கிய பலர், அதன் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-ல் வந்த பிராசசரை அதிலேயே மாட்டினார்கள்.

பில் போடும் முன் கம்ப்யூட்டரின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பின்னால் இன்னொரு ராம் செருக இடம் காலியாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.