கோல் போட்டவளுக்கு மாலை, தடுத்தவளுக்கு?

(விழுப்புரத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு – பொழுதுபோக்கா? வாழ்க்கையா? ‘வாழ்க்கையே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)



நான் பக்கத்துல திண்டிவனத்துக்காரி. அதனால வெளியூர்ப் பேச்சாளர்னு பஸ் சார்ஜ் அதிகமா கேக்க முடியாது. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “கால்பந்துல பேரு வாங்கறது கோல் போடறவங்கதான். மத்தவங்களுக்கு என்னம்மா வாழ்க்கை?”ன்னார். நல்ல கேள்வி. அதனால நான் கோல் போடறவளைப் பத்திப் பேசப் போறதில்ல. கோலைத் தடுக்கிறவளைப் பத்தித்தான் பேசப் போறேன். ஆங்கிலத்துல டிஃபெண்டர். நம்ம ஊர் மைதானத்துல ‘பேக் ஆடுறவ’ன்னு சொல்வாங்க.

வீட்டுல பால் பொங்கி வழிஞ்சா, “ஏம்மா, எங்க போன?”ன்னு கேக்கறோம். வழியாத முந்நூத்து அறுபது நாள்ல ஒருநாளாவது, “அம்மா, இன்னிக்குப் பால் வழியலியே, சபாஷ்!”னு சொல்லியிருக்கோமா?

நடுவர்: எங்க வீட்டுல பால் வழிஞ்சா என்னையத்தாம்மா கேப்பாங்க! (பலத்த சிரிப்பு)

அப்ப நீங்களும் எங்க அணிதான் ஐயா! (கைதட்டல்)

அந்த அம்மா வேலைதான் பேக் ஆடுறவ வேலை. இந்த விழுப்புரம் ஜங்ஷனையே எடுத்துக்குங்க. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரின்னு அஞ்சு திசைக்கு ரயில் பிரியுது. தடம் மாத்தி விடறவர் முகத்தை நம்மில் யார் பார்த்திருக்கோம்? ஒரு நாள் தவறினால் மட்டும் பத்திரிகையில வரும். தடுப்பாட்டக்காரியும் அப்படித்தான். தொண்ணூறு நிமிஷம் சரியா ஆடினா ‘கோல் இல்லை’ன்னு எழுதுவாங்க. ஒரு நொடி அசந்தா ‘இவளாலதான் தோத்தோம்’னு எழுதுவாங்க.

அதுல எவ்வளவு அறிவு வேணும் தெரியுமா? பின்வரிசையில நாலு பேர் நிக்கிறாங்க. கயிறு கட்டின மாதிரி ஒரே கோட்டுல சேர்ந்து முன்னால வரணும். அப்பத்தான் எதிரி ‘ஆஃப்சைடு’ல மாட்டுவா. மூணு பேர் நகர்ந்து ஒருத்தி பின்தங்கினா அத்தனையும் பாழ். பந்தையும் பார்க்கணும், ஆளையும் பார்க்கணும், பக்கத்துல நிக்கறவளுக்குக் குரலும் கொடுக்கணும். கூட்டுக் குடும்பத்துல மூத்த மருமகளா இருந்தவங்களுக்கு இது நல்லாப் புரியும். (சிரிப்பு, கைதட்டல்)

சரி, இப்படி ஒருத்தி வாழ்ந்து காட்டியிருக்காளா? காட்டியிருக்காள். மணிப்பூர் மாநிலம் இம்பால்ல பிறந்த ஆஷாலதா தேவி. இந்திய அணிக்கு ஆடின தடுப்பாட்டக்காரி. 2019ல தெற்காசியக் கோப்பையை வென்ற அணிக்குக் கேப்டன். அதே 2019ல இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை ஜெயிச்சது எந்த ஊர் அணி? நம்ம மதுரை சேது எஃப்சி. அந்த அணியில ஆடினவங்க இந்த ஆஷாலதா. 2018–19ன் சிறந்த இந்திய வீராங்கனை விருதும் அவங்களுக்குத்தான். கோல் போட்டவளுக்கு இல்ல ஐயா, தடுத்தவளுக்கு! (கைதட்டல்)

எதிரணி அக்கா, “இதுல நிச்சயம் ஏது?”ன்னு கேட்டாங்க. நியாயம்தான், மறைக்க மாட்டேன். 2022 ஜனவரியில ஆசியக் கோப்பை நம்ம நாட்டுலயே நடந்தது. ஈரானோட முதல் ஆட்டம் கோல் இல்லாம சமன். அடுத்த ஆட்டத்துக்குள்ள கொரோனா அணிக்குள்ள புகுந்துடுச்சு. ஆடறதுக்குப் போதுமான ஆள் இல்லாம இந்தியா போட்டியை விட்டே வெளியேற வேண்டியதாப் போச்சு. அன்னிக்கு அணிக்குத் தலைமை ஆஷாலதாதான். அதே வருஷம் ஆகஸ்டுல கோகுலம் கேரளா பெண்கள் அணி தாஷ்கண்ட் வரைக்கும் போனது. உலகக் கால்பந்து அமைப்பு இந்தியக் கூட்டமைப்புக்குத் தடை போட்டதால ஆடாமலே திரும்பி வந்தது. பெரியவங்க செய்த தப்பு, பெண்களுக்குத் தண்டனை.

அதோட முடிஞ்சுதா? இல்லை. 2024 அக்டோபர் 17, காத்மாண்டு. தெற்காசியப் போட்டியில பாகிஸ்தானை 5–2ன்னு இந்தியா ஜெயிச்சது. அன்னிக்கு ஆஷாலதாவுக்கு அது நூறாவது சர்வதேச ஆட்டம். நூறைத் தொட்ட முதல் இந்தியப் பெண்! (பலத்த கைதட்டல்) நூறு ஆட்டம்னா சும்மாவா? நூறு தடவை பெட்டி கட்டணும், நூறு தடவை வலியை மறந்து எழுந்து நிக்கணும்.

“அவங்க மணிப்பூர், நம்ம ஊருக்கு ஒத்து வருமா?”ன்னு யாராவது கேக்கலாம். விழுப்புரமும் கடலூரும் 1993 வரைக்கும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தக் கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடின நடுவரிசை ஆட்டக்காரி. 2018ல கட்டாக்ல நடந்த தேசிய இறுதிப் போட்டியில, பல தடவை கோப்பையை வாங்கியிருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1ன்னு சாய்ச்சு முதல் தடவையா பட்டம் வாங்கினது. 2023லயும் வாங்கினது. இந்துமதிக்குப் பந்து சோறு போட்டுதா? போட்டது. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனாங்க! 2020 ஊரடங்குல நாம கதவைச் சாத்திக்கிட்டு இருந்தப்ப, அவங்க சென்னை ரோட்டுல காக்கிச் சட்டையோட நின்னாங்க. (கைதட்டல்)

சம்பளக் கணக்கும் சொல்லிடறேன். லீக்கில் ஆடும் ஒவ்வொரு அணியும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்ச ரூபாய் ஒப்பந்தம் போட வேண்டும் என்று 2023ல் கூட்டமைப்பு அறிவித்தது. மாசத்துக்கு 26 ஆயிரத்துச் சொச்சம். பெரிய பணமில்லை, ஒத்துக்கறேன். ஆனா ‘பொழுதுபோக்கு’க்கு யாரும் ஒப்பந்தம் போட மாட்டாங்க நடுவர் அவர்களே!

கடைசியா ஒண்ணு. இது எங்க வீட்டுக் கதை. எங்க அக்கா மக பள்ளிக்கூடத்துல பேக் ஆடினா. அவளைத் தாண்டிப் பந்து போகாது. பிளஸ் ஒன் வந்ததும், “வெயில்ல கறுத்துட்டா, கால் எல்லாம் தழும்பு, நாளைக்கு எவன் கட்டுவான்?”னு வீட்டுல பேச்சு வந்தது. நிறுத்தச் சொன்னாங்க. சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி. (அரங்கில் அமைதி) அவ அழலை, சண்டை போடலை. பூட்ஸைத் துடைச்சுப் பரண்ல வச்சா.

பதினஞ்சு வருஷம் ஆச்சு. போன பொங்கலுக்கு அவ எட்டு வயசு மகளோட வந்திருந்தா. குழந்தை தெருவுல பசங்களோட பந்தாடுது. நான் பழக்க தோஷத்துல, “உள்ள வாடி, கறுத்துடுவ”ன்னு கூப்பிட வாயெடுத்தேன். அக்கா மக என் கையைப் பிடிச்சா. “சித்தி, எனக்குச் சொன்னது போதும். இவளுக்குச் சொல்லாதீங்க”ன்னா.

ஊர் ஊரா மேடையேறிப் பெண்ணுரிமை பேசறவ நான். எனக்கு அன்னிக்குப் பதில் வரலை. அவ பரண்ல வச்சது வெறும் பொழுதுபோக்கா இருந்தா, பதினஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கை நடுங்குமா ஐயா? (நீண்ட கைதட்டல்)

தாய்மார்களே, பந்தைத் தடுக்கிறது நம்ம பொண்ணுங்க வேலை. பொண்ணைத் தடுக்கிறது நம்ம வேலை இல்லை. நாளைக்குச் சாயங்காலம் அவ பந்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா, “நேரத்தோட வா”ன்னு சொல்லுங்க. “போகாதே”ன்னு மட்டும் சொல்லாதீங்க.

விளையாட்டு பெண்ணுக்குப் பொழுதுபோக்கல்ல, வாழ்க்கையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.