கிளை விடும் கரிக்குழாய்



தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வரும் பாதை ரிங்லட்டை அடைந்ததும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தேயிலைச் சரிவுகளைக் கடந்து தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று வடக்கே ஏறுவதையும், மற்றொன்று கிழக்கே சுங்கை கோயானுக்கு இறங்குவதையும் கேமரன் மலைவாசிகளாகிய நீங்கள் நன்கு அறிவீர்கள். ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் குறித்துக்கொண்டு, மலையின் உயரத்தையும் பனியையும் கொண்டை ஊசி வளைவுகளையும் அடியோடு மறந்துவிட்டால் எஞ்சுகிறதே ஒரு சித்திரம், அதையே கணித சாஸ்திரம் கோட்டுரு என்கிறது. கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றி 1736இல் ஆய்லர் செய்த விசாரணையில் பிறந்தது இந்தக் கோட்டுருச் சாஸ்திரம்.

ரிங்லட் என்னும் முனையில் மூன்று கோடுகள் கூடுகின்றன அல்லவா? 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த கார்பன் நானோக் குழாயிலோ ஒவ்வொரு கரி அணுவும் ஒரு ரிங்லட்டே. தன் அண்டை அணுக்கள் மூன்றோடு கைகோத்து நிற்கும் அவ்வணுக்கள் அறுகோணம் அறுகோணமாகப் பின்னிக்கொண்டு, தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள குழாயாகச் சுருண்டிருக்கின்றன. 1999இல், கிளைத்த துளைகள் கொண்ட அலுமினிய ஆக்சைடு அச்சில், இரண்டாகக் கவைத்த குழாய்களையும் விஞ்ஞானிகள் வளர்த்துக் காட்டினார்கள்.

அந்தக் கவையையும் அறுகோணங்களாலேயே பின்னிவிட முடியுமா? முடியாது என்று அடித்துச் சொல்கிறது கணக்கு. அதைச் சொல்வதற்கு நுண்நோக்கியோ உலையோ அதற்குத் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

அணுக்களை முனைகளாகவும், அவற்றை இணைக்கும் கோடுகளை விளிம்புகளாகவும், அக்கோடுகள் அடைக்கும் பலகோணங்களை முகங்களாகவும் கொண்டு, எப்பக்கமும் மூடிய ஒரு கூண்டிலிருந்து தொடங்குவோம். முனைகளின் தொகையோடு முகங்களின் தொகையைக் கூட்டி, விளிம்புகளின் தொகையைக் கழித்தால் இரண்டு மிஞ்ச வேண்டும் என்பது ஆய்லர் கண்ட நியமம். முனைக்கு மூன்று விளிம்பு என்று வைத்துக்கொண்டு, முகங்கள் எல்லாம் அறுகோணங்களாகவே இருந்தாலோ மிஞ்சுவது பூஜ்யம். அந்தக் குறையை நிரப்ப 12 ஐங்கோணங்கள் வேண்டும். 1985இல் கண்டறியப்பட்ட, அறுபது அணுக்கள் கொண்ட கரிப்பந்தில் இருப்பவையும் சரியாகப் பன்னிரண்டே. இனி, கூண்டைத் திறந்து ஒரு குழாயை நீட்டினால் ஆறு ஐங்கோணங்கள் செலவாகின்றன. இன்னொரு குழாயை எதிர்ப்புறம் நீட்டினால் மீதி ஆறும் தீர்ந்து, அறுகோணங்களே ஆன நேர்க்குழாய் கிடைக்கிறது. மூன்றாவதை நீட்டப் போனால் கையிருப்பில் ஒன்றுமில்லாமல் கணக்குக் கடனில் இறங்குகிறது. கடனுக்கு ஈடாக ஆறு எழுகோணங்களோ, மூன்று எண்கோணங்களோ கவையில் வந்து அமர்ந்தே தீர வேண்டும். கிளையின் தடிமனோ அணுக்களின் தொகையோ இந்தக் கணக்கைத் தொடுவதில்லை. நான்கு கிளை என்றால் 12 எழுகோணம். ஐந்து என்றால் 18.

 

ஆனால் எழுகோணங்கள் எத்தனை என்று சொல்லும் இந்தக் கணக்கு, அவை எங்கெங்கே அமரும் என்று சொல்வதில்லை. ஆறும் சமமாகப் பங்கிட்டு அமர்ந்தால் மூன்று கிளைகளும் ஒத்த கோணத்தில் விரியலாம். ஒருபுறமாக ஒதுங்கினால் கவை சாய்ந்துவிடும். மின்சாரம் எந்தக் கிளையில் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதும் அந்த இருக்கைகளையும் பொறுத்தது. அதைக் கணித்துச் சொல்லப் பௌதிக சாஸ்திரியும் அவருடைய கணினியும் வந்தாக வேண்டும்.